பேட்ச் மசகும் மருந்தளவும்: .50 ஃபிளின்ட்லாக் ரைஃபிளில் எது தாங்குகிறது, எது காலை வாருகிறது

ஃபிளின்ட்லாக் என்பது கல் மோதி எழும் பொறியால் வெடிக்கும், வாய்வழியே கெட்டிக்கும் (வெடிமருந்தும் குண்டும் இறக்கும்) பழைய வகைத் துப்பாக்கி; குண்டைச் சுற்றும் துணிதான் பேட்ச், அதில் தடவுவது மசகு, மருந்து என்பது வெடிமருந்து. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சுடுதளத்தில் காகிதக் குறியைச் சுட வேண்டுமென்றால், நீரில் கரையும் எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து, அதில் நனைத்து உலர்த்திய பருத்தித் துணிக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. கெட்டித்த துப்பாக்கியோடு காலை முதல் மாலை வரை காட்டில் காத்திருக்க வேண்டுமென்றால் மிங்க் எண்ணெய் (மிங்க் என்ற சிறு விலங்கின் கொழுப்பு), அல்லது ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த கலவை. எச்சில் பேட்ச் பலரும் நினைப்பதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. டியூபில் அடைத்து, குழலைப் ‘பழக்கிவிடும்’ என்ற வாக்குறுதியோடு விற்கப்படும் மஞ்சள் பசைகள்தான் ஏமாற்றம்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே வகை ரைஃபிளுக்குப் பொருந்தும்: .50 குழல் (உள்விட்டம் அரை அங்குலம்), உருண்டைக் குண்டுக்கென்றே உட்சுவரில் வெட்டிய பள்ளங்களின் மெதுவான முறுக்கு, அதாவது 60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு .490 அங்குலம், தூய ஈயம், எடை சுமார் 177 கிரெயின் (குண்டையும் மருந்தையும் அளக்கும் சிறு எடை அலகு). துணி, தலையணை உறைக்குப் பயன்படும் நெருக்கமான பருத்தி நெசவு, .018 அங்குலத் தடிமன். மருந்து 3F கருமருந்து (F-க்கு முன் உள்ள எண் கூடக்கூட மணி சிறிதாகும்). 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வேகமான முறுக்கும் ஆழம் குறைந்த பள்ளமும் உள்ள குழலானால் மருந்தளவு வேறாகும். மசகு பற்றிய முடிவுகள் பெரிதாக மாறாது.

மசகின் வேலை வழுக்க வைப்பது மட்டும்தான் என்ற எண்ணத்தில்தான் பாதிப் பேர் தவறான பொருளை வாங்குகிறார்கள். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதக் கலவை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே நிற்கிறது. ஒரு பகுதி புகையாய்ப் போக, மிச்சம் குழலுக்குள் படிகிறது. அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுக்கும். வறண்ட நாளில் கெட்டியாகி அடுத்த குண்டை மறிக்கும். அந்தக் கசடை மென்மையாக, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே நிலையில் வைத்திருப்பதுதான் மசகின் முதல் கடமை. பேட்ச் எரியாமல் காப்பது இரண்டாவது. வழுக்கல் மூன்றாவதுதான். ஃபிளின்ட்லாக்கில் நான்காவதாக ஒன்றும் உண்டு: ஈரமோ எண்ணெயோ பிரதான மருந்தையும், பேன் என்ற வெளிக்கிண்ணத்தின் நெருப்பு குழலுக்குள் புகும் தீத்துளையையும் எட்டக்கூடாது. கேப் (தட்டினால் வெடிக்கும் சிறு மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கி இந்த விஷயத்தில் கொஞ்சம் மன்னிக்கும், ஃபிளின்ட்லாக் மன்னிக்காது.

மசகுக்கு முன் துணி. நூறு சதவீதம் பருத்தியா என்று பார்க்க ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் போதும். சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் கலந்தது, அது குழலுக்குள் ஒட்டும். புதுத் துணியின் கஞ்சி போக ஒருமுறையாவது துவைத்து உலர்த்த வேண்டும். தடிமனைக் காலிப்பரில் அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். கடையின் அட்டையில் எழுதியிருப்பதும் கையில் அளப்பதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. வட்டமாக வெட்டி மசகு தடவியே விற்கும் பேட்ச்களை நாம் ஒதுக்கிவிட்டதற்குக் காரணம், அவை அலமாரியில் எத்தனை காலம் இருந்தன என்பது தெரியாது. எண்ணெயில் ஊறிக் கிடக்கும் பருத்தி நாளடைவில் வலுவிழக்கும். இரு கையாலும் இழுத்தால் கிழிகிற பேட்சை எந்த மசகும் காப்பாற்றாது.

இனி மசகுகள் ஒவ்வொன்றாக.

எச்சில். செலவில்லை, எப்போதும் கையிருப்பில் இருக்கும். கசடை உடனே இளக்கும், அதனால் சுடுதளத்தில் வெடிக்கு வெடி சீராக நடக்கும். ஆனால் கெட்டித்த கையோடு சுட வேண்டும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் துணி காய்ந்து போகும், அல்லது ஈரம் மருந்தில் இறங்கும். நீண்ட நேரம் விட்டால் குண்டைச் சுற்றித் துரு வளையம் விழும். ஈயக்குண்டைத் தொட்ட விரலால் பேட்சை எடுத்து வாயில் வைத்துச் சப்பும் பழக்கம் வேண்டாம். ஒரு சின்னப் புட்டியில் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வைத்துக்கொண்டால் அதே பலன்.

பாலிஸ்டால்–தண்ணீர் உலர் முறை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான எண்ணெய் பாலிஸ்டால். தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். லேத் பட்டறைகளில் பயன்படும் நீரில் கரையும் வெட்டெண்ணெயும் இதே வேலையைச் செய்யும். ஒரு பங்கு எண்ணெய்க்கு 7 பங்கு தண்ணீர் என்று தொடங்கலாம். ஒன்றரை அங்குல அகலத்தில் கிழித்த துணிப் பட்டைகளை அதில் முக்கி, லேசாகப் பிழிந்து, சமதளத்தில் விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் எண்ணெய் கீழ்முனைக்கு இறங்கி, ஒரே பட்டையின் இரு முனையும் இரு விதமாகச் சுடும். தண்ணீர் முழுக்க ஆவியானபின் துணியில் எண்ணெய் மட்டும் சீராக நிற்கும். தொட்டால் கிட்டத்தட்ட உலர்ந்த துணிதான். மருந்தை நனைக்கும் ஈரம் இல்லை.

இந்த முறையின் பெரிய வசதி, விகிதத்தையே ஒரு திருகாணிபோல் திருகிப் பார்க்கலாம் என்பது. 1:5, 1:6, 1:7, 1:8 என நான்கு பட்டைகள் தயாரித்து, மருந்தளவை மாற்றாமல் ஒவ்வொன்றிலும் ஐந்து வெடி சுட்டால், எந்த இடத்தில் குரூப் (குறியில் விழுந்த துளைகளின் கூட்டம்) இறுகுகிறது என்று கண்ணாலேயே தெரியும். எண்ணெய் கூடினால் உராய்வு குறையும், அதோடு வேகமும் மாறும். குறைத்தால் பேட்ச் எரியத் தொடங்கும். குறை ஒன்று உண்டு: இது கசடை இளக்கும் மசகு அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் பின் குழலைத் துடைக்க மனமில்லாதவர் இந்த வழிக்கு வரவேண்டாம்.

பெட்ரோலிய எண்ணெய் எதுவும் கருமருந்துக்கு ஆகாது என்றொரு பழைய விதி உண்டு. கிரீஸ், வாசலைன், சாதாரண இயந்திர எண்ணெய் விஷயத்தில் அது உண்மை. வெடித்தபின் தார்போல் ஒட்டும் படலம் மிஞ்சும், தண்ணீரால் கழுவினாலும் போகாது. ஆனால் பாலிஸ்டாலின் அடிப்படையும் கனிம எண்ணெய்தான். தண்ணீரோடு கலக்கும் குணம் அதைக் காப்பாற்றுகிறது. விதியை அப்படியே விழுங்காமல், சுட்டபின் ஈரத்துணி ஒன்றை விட்டு எடுத்து, கசடு கரைந்து வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

மிங்க் எண்ணெய். வேட்டைக்கு இதுவே முதல் இடம். குளிரிலும் இறுகாது, மணிக்கணக்கில் ஆவியாகாது, கசடையும் ஓரளவு மென்மையாக வைக்கும். செருப்புக்கடையில் தோல் மெருகுக்கு விற்கும் ‘மிங்க் எண்ணெய்’ டப்பாக்கள் பலவற்றில் சிலிக்கோனும் பெட்ரோலியமும் கலந்திருக்கும், அவை வேண்டாம். துணியில் தேய்த்தபின் விரலுக்கிடையில் பிழிந்து, மிகுதியை வழித்தெடுக்க வேண்டும். சொட்டும் அளவுக்கு விட்டால் எண்ணெய் மருந்துக்குள் இறங்கி, அடிப்பகுதி மருந்து மந்தமாக எரியும்.

ஆட்டுக்கொழுப்பு–தேன்மெழுகு. கொழுப்பு 4 பங்கு, மெழுகு 1 பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், நேரடித் தீயில் அல்ல. கொழுப்பில் உப்பு இருக்கவே கூடாது. உப்பிருந்தால் துரு நிச்சயம். கடும் வெயிலில் மெழுகை ஒன்றரைப் பங்காக உயர்த்தலாம். பனியில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் சேர்த்து இளக்கலாம். வட்டமாக வெட்டிய பேட்ச்களை உருகிய கலவையில் நனைத்து, அடுக்கி, டப்பாவில் போட்டுவிட்டால் நாள் முழுக்கக் கவலையில்லை. சுடுதளத்தில் மிங்க் எண்ணெயைவிடக் கசடு சற்றுக் கூடுதலாகச் சேரும். ஆலிவ் எண்ணெய் தனியாகவும் ஓடும். ஆனால் நாள்பட்டால் காறலடிக்கும், துணியையும் கெடுக்கும்.

மஞ்சள் பசைகள். மணம் நன்றாக இருக்கிறது, கையாள எளிது. வெப்பமான நாளில் தடவினால் குண்டு வெண்ணெய்போல் இறங்கும். குளிரில் மெழுகாக இறுகிக் குழலின் மேல் படலமாக நிற்கும். குழலைப் பழக்குவது என்ற பேச்சுக்குப் பொருளில்லை. வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெய் சூட்டில் பிணைந்து படலமாவது வேறு. ரைஃபிள் குழல் அப்படிப்பட்ட வார்ப்பிரும்பு அல்ல. அதற்குள் படலமாகத் தெரிவது எண்ணெயும் கசடும் அடுக்கடுக்காகச் சேர்ந்த அழுக்கு. அதற்குக் கீழே துரு வேலை செய்துகொண்டிருக்கும். இந்தப் பசையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பழகிய குழல் என்று நம்பிக் கழுவாமல் வைத்தால் குழல் போய்விடும்.

இனி மருந்தளவு. மாற்று மருந்துகளை ஃபிளின்ட்லாக்கில் முயல வேண்டாம். பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் போன்றவை தீப்பற்றக் கூடுதல் வெப்பம் கேட்கின்றன, பேன் நெருப்பு அதைத் தராது. புகையில்லா மருந்து எந்த அளவிலும் கூடாது. குழல் வெடித்துச் சிதறும். துப்பாக்கி தயாரித்தவர் சொல்லும் உச்ச அளவே எல்லை. கீழே வரும் எண்கள் அதற்குள் அடங்கினால் மட்டுமே செல்லும். 2F மணிகள் பெரியவை, மெதுவாக எரியும். 3F அதே அளவில் கூடுதல் அழுத்தமும் வேகமும் தரும், கசடும் குறைவு. 2F-லிருந்து 3F-க்கு மாறுபவர் 10 முதல் 15 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

50 கிரெயினில் தொடங்கி, ஐந்து ஐந்தாக 80 வரை. ஒவ்வொரு படியிலும் ஐந்து வெடி, 50 கெஜம், மணல்மூட்டைத் தாங்கல். மூன்று வெடிக் குரூப் அதிர்ஷ்டத்தைத்தான் அளக்கும். முதலில் குழலில் உள்ள பாதுகாப்பு எண்ணெயை ஆல்கஹால் துணியால் துடைத்து, தீத்துளையைக் குத்திச் சுத்தம் செய்து, பேனில் மட்டும் மருந்திட்டு ஒருமுறை பொறியவிட வேண்டும். சுத்தமான குழலின் முதல் வெடியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அளவுக்குப்பி கன அளவையே தரும். நிரப்பும்போது தட்டும் விதம் மாறினால் ஓரிரு கிரெயின் ஆடும். ஒரே மாதிரி தட்ட வேண்டும். மருந்துக்கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றவே கூடாது. உள்ளே ஒரு தணல் மிச்சமிருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். கெட்டிக்கும் நேரம் முழுக்க பேன் காலியாக, ஃபிரிசன் (பேனை மூடும், கல் மோதிப் பொறி எழும் எஃகுத் தகடு) திறந்து இருக்கட்டும். திணிகோலை ஒரு சாண் அளவுக்கு மட்டும் பிடித்துத் தள்ள வேண்டும். நீளமாகப் பிடித்தால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் பாயும். குண்டு மருந்தின் மேல் படிந்ததைக் கோலில் போட்ட கோட்டால் ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். இடைவெளி விட்டால் குழல் வளையமாக உப்பும். கோலை எறிந்து துள்ளவைத்துப் பார்க்கும் வழக்கம் குண்டின் முகத்தைத் தட்டையாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

பெரும்பாலான .50 குழல்களில் இரண்டு இடங்களில் குரூப் இறுகும்: 50–60 கிரெயின் வாக்கில் ஒன்று, 75 சுமாரில் இன்னொன்று. இடைப்பட்ட அளவில் குரூப் மேலும் கீழுமாக நீள்வது சாதாரணம். நல்ல இடம் தெரிந்ததும் இரண்டிரண்டு கிரெயினாக முன்னும் பின்னும் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மசகை மாற்றினால் அழுத்தம் மாறும், ஆகவே மருந்தளவைத் திரும்பத் தேட வேண்டும். எச்சிலில் 60-க்கு இறுகிய குழல் மிங்க் எண்ணெயில் இன்னும் சில கிரெயின் கேட்கக்கூடும். ரைஃபிள் சாட்டைபோல் ‘படீர்’ எனும் வரை மருந்தைக் கூட்டு என்பார்கள். அந்தச் சத்தம் குண்டு ஒலியின் வேகத்தை, வினாடிக்குச் சுமார் 1,100 அடியைத் தாண்டியதைத்தான் சொல்லும். குரூப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வெடிக்கு வெடி துடைப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக்கூடாது. ஜேக் (கோல் முனையில் துணியைத் தாங்கும் தலை) சற்று ஒல்லியாக இருக்க வேண்டும். இறங்கும்போது கசடின் மேல் வழுக்கி, வெளியே இழுக்கும்போது துணி மடிந்து கசடை வாரிக்கொண்டு வரும். குழல் முழுக்க அடைத்து இறங்கும் ஜேக் கசடை அடியில் திணித்து, தீத்துளைக்கு முன்னால் சேறாக்கிவிடும். அடியில் குறுகிய அறை உள்ள குழல்களில் இது இன்னும் மோசம். ஒருமுறை மெதுவாக இறக்கி, வெளியே எடுத்து, துணியைத் திருப்பி இன்னொரு முறை. பிறகு உலர்ந்த துணி ஒன்று. பிறகு தீத்துளைக் குத்தூசி.

சுட்ட பேட்ச்களைத் தேடி எடுங்கள். சில மீட்டர் முன்னால் கிடக்கும். காய்ந்த புல்லாக இருந்தால் கனன்றுகொண்டும் கிடக்கும், மிதித்து அணையுங்கள். குழலுக்குள் நடந்ததை வேறு எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. நடுவில் குண்டு அமர்ந்த வட்டம் கருஞ்சாம்பல் நிறத்தில் முழுதாக, ஓரம் மட்டும் நூல் பிரிந்திருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்த ஓட்டை என்றால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லியது, அல்லது மருந்து மிகை. ஒரு பக்க ஓரம் மட்டும் கருகியிருந்தால் பேட்ச் நடுவில் வைக்கப்படவில்லை. துணுக்குகளாகச் சிதறியிருந்தால் குண்டுக்கும் குழலுக்கும் இடையே வாயு கசிகிறது, இல்லையேல் துணி மக்கிப்போனது; .495 குண்டோ தடித்த துணியோ முயலலாம்.

வட்டத்தைச் சுற்றிச் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன வெட்டுகள் தெரிந்தால் குற்றவாளி குழல்வாய் விளிம்பு, அல்லது பள்ளங்களுக்கு இடையே உள்ள கூர்மையான மேடுகள். இது கெட்டிக்கும்போது நிகழ்ந்ததா, சுடும்போதா என்று பிரித்தறிய வழி இருக்கிறது. மருந்தே இல்லாத குழலில் பேட்ச் சுற்றிய குண்டைக் கொஞ்ச தூரம் இறக்கி, திருகுமுனைக் கோலால் வெளியே இழுத்துப் பாருங்கள். அப்போதே துணி வெட்டுப்பட்டிருந்தால் விளிம்பை மழுக்க வேண்டும். உள்ளே துணி அடைத்து, 320 எண் உப்புத்தாளைக் கட்டைவிரலால் விளிம்பில் அழுத்திச் சுழற்றி, பிறகு 400, 600 எண் தாளால் மெருகேற்றினால் போதும். வெளியே வந்த குண்டையும் பாருங்கள். மேடு பதிந்த இடத்தில் நெசவுத் தடம் அழுத்தமாகவும் பள்ளத்தில் லேசாகவும் தெரிந்தால் அடைப்பு முழுமை. பள்ளத்தில் தடமே இல்லையென்றால் இன்னும் தடித்த துணி தேவை.

மசகையும் மருந்தையும் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்தபின்னும் குரூப் பரந்தால் லாக்கை, அதாவது பொறி எழுப்பும் இயந்திரப் பகுதியைப் பாருங்கள். கல்லின் விளிம்பு ஃபிரிசனுக்கு இணையாக, அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே மோத வேண்டும். தோலில் சுற்றி, குதிரையின் (கல்லைப் பிடித்து அடிக்கும் சுத்தியலின்) தாடைக்குள் ஆடாமல் இறுக்க வேண்டும். பேனில் சுமார் 3 கிரெயின் 4F போதும். தீத்துளையை மூடும் அளவுக்கு நிரப்பினால் நெருப்பு பாய்ந்து போகாமல், திரி எரிவதுபோல் மணி மணியாக எரிந்து உள்ளே போகும். அந்தத் தாமதத்தில் குறி நகர்ந்துவிடும். தீத்துளை 1/16 அங்குலத்தில் இருக்கட்டும். 5/64-க்கு மேல் பெரிதாக்கினால் அழுத்தம் வெளியேறும். ஒவ்வொரு வெடிக்கும் பின் பேன், ஃபிரிசன் முகம், கல் மூன்றையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பேன் பொறிந்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால், குழலைக் குறிப்பக்கமே வைத்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும்.

வேட்டைக்குத் தேர்ந்த மசகுக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. சுடுதளத்திலேயே கெட்டித்து, பேனில் மருந்திடாமல், தீத்துளையில் இறகுத்தண்டு செருகி, நாலைந்து மணி நேரம் குழலை மேல்நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு பேனில் மருந்திட்டுச் சுடுங்கள். அடுத்து, புதிதாகக் கெட்டித்து அதே குறியில் இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த மசகு வேட்டைக்கு ஆகும். முதல் வெடி தாழ்ந்து விழுந்தாலோ தயங்கி வெடித்தாலோ எண்ணெய் மருந்துக்குள் இறங்கியிருக்கிறது. பேட்சை இன்னும் அழுத்திப் பிழியுங்கள், அல்லது மருந்துக்கும் குண்டுக்கும் இடையே மசகு தடவாத கம்பளி வில்லை ஒன்றை இறக்குங்கள். வில்லை சேர்த்தால் குண்டு அமரும் உயரம் கூடும். திணிகோலில் அதற்கென்று புதுக் கோடு போட மறக்க வேண்டாம்.